பாறை ரயில் ஊரில் கை நனைக்காமல்

இங்கிலாந்துக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் என் சம்சாரம் சரசு எனக்கு ரெண்டு விஷயம் சொன்னா. ஒண்ணு, குளிருக்குக் காதை மூடிக்கணுமாம். மலேசியாவுல கேமரன் மலையில பொறந்து, தேயிலைத் தோட்டத்துல ஆயுசு பூரா கொழுந்து லோரி ஓட்டினவனுக்குக் குளிரைப் பத்திப் பாடம். சரி, தொலையட்டும். ரெண்டாவதுதான் முக்கியம். மாப்பிள்ளை வீட்டுல கை நனைச்சிடக் கூடாது.

எங்க சனத்துல சம்பந்தம் பேசப் போனா, சம்மதம்னு வாய் திறந்து சொல்ற வரைக்கும் அந்த வீட்டுல சாப்பிட மாட்டோம். சாப்பிட்டுட்டா கை நனைச்சாச்சு, பேச்சு முடிஞ்சுது, அப்புறம் பின்வாங்க முடியாது. மத்த குடும்பத்துல ஒரு காப்பித் தண்ணியாவது குடிக்க விடுவாங்க. சரசு அதுவும் கூடாதுன்னுட்டா.

எங்களுக்கு ஒரே மக, கோகிலா. அங்க ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா. ஜேமின்னு ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கணும்னு போன்ல சொன்னப்ப, ரிங்லெட் ஊர்ல எங்க வீடு எழவு வீடு மாதிரி ஆயிப்போச்சு. சரசுக்கு முட்டி வலி, விமானத்துல அவ்வளவு நேரம் உக்கார முடியாது. அதனால மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துட்டு வர்ற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு. கோகிலா சண்டை போடுவான்னு நெனச்சேன். அவ என்னடான்னா, நீங்க வந்து பாருங்கப்பா, பார்த்துட்டு வேணாம்னு சொன்னா நான் விட்டுடறேன்னுட்டா. அது என்னை இன்னும் பயமுறுத்திருச்சு.

உள்ளதைச் சொல்லிடறேன். வேணாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன். பையன் நல்லவனா கெட்டவனான்னுகூட எனக்குக் கவலை இல்ல. அவனைக் கட்டிக்கிட்டா என் மக திரும்பி வரமாட்டா. அவ்வளவுதான்.

பையன் என்ன வேலைன்னு கோகிலாகிட்ட கேட்டோம். ரயில்ல வேலைன்னா. டிரைவரான்னு சரசு கேட்டா. இல்ல, பிரேக் புடிக்கிறவன்னா. ஓட்டமாட்டானா, புடிக்க மட்டும் செய்வானான்னு சரசு திருப்பிக் கேட்டதுக்கு, அந்த ரயிலுக்கு இஞ்சினே கிடையாதும்மான்னு பதில் வந்துச்சு. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கலை. பையனோட அப்பாவைப் பத்தி அவ ஒரு வார்த்தையும் சொல்லலை. செத்துட்டாரு போலன்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம்.

போய்ச் சேர்ந்த அன்னிக்கே ஆரம்பிச்சிருச்சு குழப்பம். லண்டன்ல ஏறின ரயிலைப் பாதி வழியில நிறுத்தி, இனிமே பஸ்தான்னு எறக்கி விட்டுட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு ஒருத்தன் தோளைக் குலுக்கிட்டுப் போயிட்டான். நம்ம மலைக்கு ஏறுற தாப்பா ரோட்டுல, அந்தச் சடக்குல மண்ணு சரிஞ்சாக்கூட, எங்க சரிஞ்சுது, எப்ப சரியாகும்னு டீக்கடையில நாலு பேராவது சொல்லுவாங்க. அங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டு பஸ்ல ஏறி உக்காந்துட்டாங்க, நானும் ஏறி உக்காந்தேன்.

அது கடற்கரை ஊரு. ஊருன்னா ரெண்டு ஊரு. ஒண்ணு கீழ, கடலை ஒட்டி. இன்னொண்ணு நேரா அதுக்கு மேல, பாறை உச்சியில. நடுவுல சுவரு மாதிரி செங்குத்துப் பாறை. அந்தப் பாறையில ரெண்டு தண்டவாளம் போட்டு, மேல ஒரு பெட்டி, கீழ ஒரு பெட்டி. பெட்டிக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சு, பித்தளைக் கம்பியெல்லாம் பளபளன்னு துடைச்சு வச்சிருந்தாங்க. விக்டோரியா ராணி காலத்துல கட்டினதாம், அப்போலேர்ந்து இதேதானாம். கோகிலா கீழ காத்துக்கிட்டிருந்தா. அவ வாடகைக்கு இருந்த ரூம்பு மேல. இதுலதான் ஏறணும்னா.

நான் நின்ன எடத்துலேயே நின்னுட்டேன். எத்தனையோ வருஷம் மலைச் சடக்குல லோரி ஓட்டியிருக்கேன். ஆனா நேரா வானத்தைப் பார்த்து ஏறுற வண்டியை நான் பார்த்ததில்ல. எங்க சடக்குல பெரிய வளைவுக்கு ஒரு முனீஸ்வரன் இருப்பாரு, ஹாரன் அடிச்சுக் கும்புட்டுட்டுத்தான் எறங்குவோம். இங்க சாமியைத் தேடினா ஒரு கொடிதான் பறந்துக்கிட்டிருந்துச்சு. அதையே கும்புட்டுட்டு ஏறினேன்.

பெட்டி முனையில தொப்பி போட்டுக்கிட்டு, ஒரு சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னவன்தான் ஜேமி. செவந்த முடி, ஒல்லி ஆளு. என்னைப் பார்த்ததும் கும்புட்டான், கோகிலா சொல்லிக் குடுத்திருப்பா. அப்புறம் அந்த ரயில் எப்படி ஓடுதுன்னு எனக்கு விளக்கம் சொன்னான். ரெண்டு பெட்டியையும் ஒரே கம்பிவடத்துல கட்டியிருக்கு. பெட்டிக்கு அடியில தண்ணித் தொட்டி. மேல நிக்கிற பெட்டியில ஆத்துத் தண்ணியை நெரப்புவாங்க. கீழ இருக்கிற பெட்டியிலேர்ந்து தண்ணியைத் தொறந்து வெளிய விடுவாங்க. எப்ப மேல் பெட்டி கனமாகுதோ அப்ப அது எறங்கும், அது எறங்க எறங்க இது ஏறும். கரண்டு இல்ல, டீசல் இல்ல, பிரேக் மட்டும்தான். அவன் சொல்லி முடிச்சதும் தலையாட்டினேன். ஒண்ணும் புரியலை. மறுநாள் திரும்பக் கேட்டேன், திரும்பச் சொன்னான், திரும்பத் தலையாட்டினேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். பெட்டி மேல போய் நிக்கிறப்ப ஒரு குலுக்கல் இல்ல. என்கூட ஏறின ஒரு கிழவி கையில காப்பிக் கோப்பை வச்சிருந்துச்சு, ஒரு சொட்டு சிந்தலை. கொழுந்து நெறைய ஏத்திக்கிட்டு எறக்கத்துல எறங்குறவனுக்குத்தான் பிரேக்கோட அருமை தெரியும். பையன் வேலைக்காரன்னு மனசு சொல்லிச்சு, அந்த மனசை நான் அதட்டி உக்கார வச்சேன்.

ரெண்டாம் நாள் ஜேமியோட அம்மா வீடு. லிண்டான்னு பேரு. என் வயசு இருக்கும், கட்டையா, கலகலன்னு பேசுற பொம்பளை. வீட்டைச் சுத்திப் பூச்செடி, எங்க மலையில திரிங்காப் பூத்தோட்டத்துல ஒரு துண்டை வெட்டி வச்ச மாதிரி. உக்காந்ததும் டீ வந்துச்சு. கூடவே ஸ்கோன்னு ஒரு பன்னு, ஸ்ட்ராபெரி ஜாம். எங்க மலை டவுன் தானா ராத்தாவுல சுற்றுலா வர்றவங்களுக்கு விக்கிற அதே துரைமார் பலகாரம். அது இங்கேருந்துதான் வந்துச்சான்னு ஒரு பக்கம் ஆச்சரியம், இன்னொரு பக்கம் நாக்குல எச்சில். வயிறு சரியில்லன்னு சொல்லித் தள்ளி வச்சுட்டேன்.

பொண்ணோட அப்பன் வந்து, நான் இன்னும் முடிவு பண்ணலை, அதனால சாப்பிட மாட்டேன்னு வாயைத் தொறந்து சொல்ல முடியுமா? எங்க ஊருல சொல்லத் தேவையே இல்ல. பார்க்கிறவங்களுக்கே புரிஞ்சிடும், அவங்களும் ரொம்ப வற்புறுத்த மாட்டாங்க. இந்தம்மா வற்புறுத்துச்சு. டீயாவது குடிங்கன்னுச்சு, வெந்நீராவதுன்னுச்சு. நான் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். கோகிலா என்னை ஒரு மாதிரி பார்த்தா. அவளுக்கு இந்த வழக்கம் தெரியாது. சின்ன வயசுலேயே ஹாஸ்டல், அப்புறம் வெளிநாடு. தெரிஞ்சுக்க எப்ப நேரம் இருந்துச்சு?

அவ வேலைக்குப் போனதும் எனக்குப் பசி காதை அடைச்சிருச்சு. பாறை ரயில்ல கீழ எறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிர்லேயே ஒரு மீன் கடை, பொரிச்ச மீனும் உருளைக்கிழங்கும். பெரிய தொந்தியோட ஒரு ஆளு, டெரிக்காம், நின்னுக்கிட்டே பொரிச்சாரு. பேச்சு குடுத்தாரு. நான் லோரி ஓட்டினவன்னு சொன்னதும் அவருக்கு மூஞ்சி மலர்ந்துடுச்சு, அவரும் ஒரு காலத்துல மீன் லோரி ஓட்டினவராம். கியர்பாக்ஸைப் பத்தி ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சோம். என் இங்கிலீஷ் அவருக்குப் பாதி புரியலை, அவரு இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியலை, ஆனா கியர்பாக்ஸ் புரிஞ்சுது. வெளிய பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டப்ப ஒரு கடல்பறவை வந்து என் கையிலேர்ந்தே ஒரு மீன் துண்டைப் பறிச்சுக்கிட்டுப் போயிருச்சு. எங்க ஊரு குரங்கு பரவாயில்ல, கேட்டுட்டாவது புடுங்கும்.

மூணாம் நாள் லிண்டா எனக்காகக் கஞ்சி மாதிரி ஒரு சூப்பு வச்சிருந்தாங்க. வயித்துக்கு நல்லதாம். அதையும் தொடலை. கீழ எறங்கி டெரிக் கடையில மீன் தின்னேன். அவரு காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. லோரிக்காரன் லோரிக்காரன்கிட்ட காசு வாங்குறதாங்கிற மாதிரி கையை ஆட்டினாரு. என்ன மனுஷன்னு நெனச்சுக்கிட்டேன்.

நாலாம் நாள்தான் கொடுமை. நான் சைவமா இருக்கலாம்னு லிண்டாவுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. புத்தகத்தைப் பார்த்து பரங்கிக்காய் குழம்பு வச்சிருந்தாங்க, வாசனை தெரு வரைக்கும் வந்துச்சு. அதுவும் போதாதுன்னு, எங்கேயோ தேடிப் புடிச்சு ஒரு டீத்தூள் பெட்டியை எடுத்து என் முன்னால வச்சாங்க. எங்க கேமரன் மலை டீ. பெட்டி மேல எங்க மலைச் சரிவு படம். என் லோரியில ஏறின கொழுந்தாக்கூட இருக்கும். அந்தம்மா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

குடிச்சிருக்கணும். யாரா இருந்தாலும் குடிச்சிருப்பாங்க. எனக்கோ சரசு மூஞ்சிதான் முன்னால நின்னுச்சு. வேண்டாம்னு சொல்லிட்டேன். லிண்டா பெட்டியை மூடி அலமாரியில வச்சாங்க. அவங்க மூஞ்சி தொங்கிப்போச்சு.

மனசு கெட்டுப்போயி வழக்கம்போல கீழ எறங்கி, டெரிக் கடையில ஒரு பொட்டலம் வாங்கிக்கிட்டு மேல வர்ற பெட்டியில ஏறினேன். ஜேமிதான் பிரேக்குல. பெட்டி நெறைய ஆளு, ரெண்டு ஈர நாய் வேற. பாதி தூரம் ஏறினதும் நின்னுருச்சு. கீழ கடல், பக்கத்துல பாறை, நடுவுல நான். மேலேர்ந்து வர்ற பெட்டியில ஆளு கம்மி, கனம் பத்தலை, அதனால நம்ம பெட்டியில மிச்சம் இருக்கிற தண்ணியைத் தொறந்து விடணும்னான் ஜேமி. ஒரு பிடியைத் திருப்பினான். காலுக்கு அடியில தண்ணி சோன்னு கொட்டிச்சு. ஏத்தத்துல லோரி முக்கிச்சுன்னா நாங்க மூட்டையை எறக்குவோம், இவன் தண்ணியை எறக்குறான். அந்த நிமிஷம்தான் எனக்கு அந்த ரயில் புரிஞ்சுது.

தண்ணி வடியற வரைக்கும் வேற வேலை இல்ல. ஜேமி என் பொட்டலத்துலேர்ந்து உரிமையா ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில போட்டான். மென்னுக்கிட்டே, "அப்பா இன்னிக்கு உப்பை அள்ளிப் போட்டுட்டாரு"ன்னான்.

எந்த அப்பான்னு கேட்டேன்.

கீழ கையைக் காட்டினான். மீன் கடை வாசல்ல டெரிக் நின்னு, எங்க பெட்டி நின்னுட்டதைப் பார்த்து, ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டிருந்தாரு.

ஜேமி பள்ளிக்கூடம் போற வயசுலேயே அவங்க அப்பா அம்மா பிரிஞ்சிட்டாங்களாம். அம்மா மேல, அப்பா கீழ. இவன் அந்த வயசுலேர்ந்து ரெண்டு வீட்டுக்கும் இந்தப் பெட்டியிலதான் போய் வந்திருக்கான். எனக்கு இதெல்லாம் தெரியும்னு அவன் நெனச்சுக்கிட்டிருந்தான். தெரிஞ்சுதானே தினம் அப்பா கடைக்குப் போறீங்கன்னான். நீங்க மரியாதை பண்றீங்கன்னு அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்னான். பெட்டி நகர ஆரம்பிச்சுது. நான் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு மேல போய்ச் சேர்ந்தேன். இத்தனை நாளா சம்பந்தி கையால, அதுவும் காசு குடுக்காம, வயிறு முட்டத் தின்னிருக்கேன்.

கொஞ்சம் வருத்தம்னு அவன் சொன்னது கொஞ்சம் இல்ல. சாயங்காலம் கோகிலா வேலை முடிஞ்சு வந்தா, கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. என் வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடிக்காதவரு அந்த ஆளு கடையில தினம் உக்காந்து திங்கிறாரு, என்னை அவமானப்படுத்தத்தானேன்னு லிண்டா ஜேமிகிட்ட அழுதிருக்காங்க. கல்யாணம் நடந்தா நான் வரமாட்டேன்னும் சொல்லிட்டாங்களாம். "வேணாம்னா நேரா சொல்லுங்கப்பா. அவங்களை ஏன்ப்பா இப்படிப் பண்றீங்க?"ன்னு கேட்டா. என் மக என்கிட்ட அப்படி ஒரு குரல்ல பேசினதே இல்ல.

அப்பதான் கை நனைக்கிற கதையை அவளுக்குச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. இதை முதல் நாளே சொல்லியிருந்தா என்னப்பான்னு தலையில அடிச்சுக்கிட்டா. நீ அவங்க அப்பாவைப் பத்தி முதல்லேயே சொல்லியிருந்தா என்னன்னு நானும் கேட்டேன். அப்பா அம்மா பிரிஞ்ச வீடுன்னு தெரிஞ்சா நீங்க வரவே மாட்டீங்கன்னு பயந்தேன்னா. அது வாஸ்தவம்தான்.

சரசுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. திட்டப் போறான்னு காத்துக்கிட்டிருந்தேன். "அந்தம்மா பரங்கிக்காய்க் குழம்பா வச்சாங்க?"ன்னா. ஆமான்னேன். "பாவம்லா. காலையில போயி மொதல்ல அவங்ககிட்ட பேசுங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

மறுநாள் காலையில லிண்டா வீட்டு அடுப்படியில உக்காந்தோம். நான் தமிழ்ல சொல்லச் சொல்ல கோகிலா இங்கிலீஷ்ல சொன்னா. பழக்கத்துல லிண்டா எனக்கும் ஒரு கப் டீ ஊத்தி வச்சிருந்தாங்க. கதையைக் கேட்டு முடிச்சதும் எந்திரிச்சாங்க, என் முன்னால இருந்த கப்பை எடுத்தாங்க, தண்ணி வடியிற தொட்டியில கவுத்துட்டாங்க. போச்சு, வெளிய போன்னு சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன். திரும்பி வந்து எனக்கு நேரெதிரா உக்காந்தாங்க.

"அப்ப நீங்க முடிவு சொல்ற வரைக்கும் குடிக்க வேணாம். சொல்லுங்க, சம்மதமா இல்லையா?"

இப்படி யாராவது கேப்பாங்களா? எங்க ஊருல இதைக் கேக்கறதுக்கு நாலு பெரியவங்க வரணும், வெத்தலை பாக்கு வரணும், மழை பேயுது வெயில் அடிக்குதுன்னு சுத்தி வளைச்சுப் பேசணும். இந்தம்மா மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்குப் பொய் சொல்ல வரலை.

"பையன் மேல ஒரு குறையும் இல்லம்மா. உங்க மேலயும் இல்ல. எங்களுக்கு இவ ஒருத்திதான். இங்கேயே இருந்துட்டான்னா நாங்க ரெண்டு பேரும் யாரைப் பார்த்துக்கிட்டு இருக்கறது? அதனாலதான் எனக்கு மனசு வரலை."

கோகிலா அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்துச்சு. லிண்டா கேட்டுட்டு, நம்பாத மாதிரி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் மடமடன்னு என்னென்னவோ சொன்னாங்க, கண்ணுலேர்ந்து தண்ணி வழியுது, தொடைக்கக்கூட இல்ல. என்னம்மா சொல்றாங்கன்னு கோகிலாகிட்ட கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. திரும்பக் கேட்டேன்.

அப்புறம்தான் வந்துச்சு. கல்யாணம் ஆனதும் கோகிலாவும் ஜேமியும் மலேசியாவுக்கே வந்துடறதுன்னு பேசி வச்சிருக்காங்க. தானா ராத்தா ஆஸ்பத்திரியில வேலைக்குக்கூட விசாரிச்சிருக்கா. என் சம்மதத்தை மொதல்ல வாங்கிட்டு, அப்புறம் சொல்லி சந்தோஷப்படுத்தணும்னு இருந்தாளாம். லிண்டாவுக்கு மட்டும் ஜேமி சொல்லியிருக்கான். அவங்களுக்கும் ஒரே பிள்ளை. நான் வந்தது அவங்க பையனை என்கூடக் கூட்டிட்டுப் போகத்தான்னு நெனச்சுக்கிட்டாங்களாம். அதனாலதான் தினம் ஒண்ணு சமைச்சாங்களாம், சாப்பிட்டா என் மனசு இளகும், அவனை விட்டுட்டுப் போயிருவேன்னு.

நான் கும்புட்ட சாமியெல்லாம் ஒண்ணா சேர்ந்து வரம் குடுத்த மாதிரி சேதி அது. எந்திரிச்சு ஆடியிருக்கணும். எதிர்ல அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கு. நான் இத்தனை மாசமா எதை நெனச்சுத் தூங்காம கெடந்தேனோ அதையே இவங்களும் நெனச்சுத் தூங்காம கெடந்திருக்காங்க. சந்தோஷமா துக்கமான்னே எனக்குத் தெரியலை. சரின்னு சொன்னா இவங்க பிள்ளை போறான், இல்லன்னு சொன்னா என் மக மனசு போகுது.

எனக்குத் தோணினதைச் சொன்னேன். "நான் வந்து உங்க வீட்டைப் பார்த்தேன்ல. நீங்களும் வந்து எங்க வீட்டைப் பாருங்கம்மா. ஊரைப் பாருங்க. அவன் இருக்கப் போற எடம் எப்படின்னு பாருங்க. பார்த்துட்டு நீங்க சொல்லுங்க. அதுவரைக்கும் எங்க வீட்டுல ஒண்ணும் சாப்பிட வேணாம். நீங்க சொல்றதுதான் முடிவு."

லிண்டா முகத்தைத் தொடைச்சுக்கிட்டு, டெரிக்கும் வரணுமான்னு கேட்டாங்க. வேணாம், அவரு ஏற்கெனவே சம்பந்தி ஆயிட்டாருன்னேன். அந்த அழுகையிலேயும் அவங்களுக்குச் சிரிப்பு வந்துருச்சு.

குளிர்காலத்துல அந்த ரயிலை நிறுத்தி வச்சுருவாங்களாம். அந்தச் சமயத்துல லிண்டா, ஜேமி, கோகிலா மூணு பேரும் வந்தாங்க. தாப்பாவுலேர்ந்து மேல வர்ற வளைவுல லிண்டா ரெண்டு தடவை வாந்தி எடுத்தாங்க. வீட்டுக்கு வந்து நாக்காலியில சரிஞ்சு உக்காந்தவங்களுக்கு சரசு தண்ணி கொண்டாந்தா. லிண்டா டம்ளர் மேல உள்ளங்கையை வச்சு மூடிட்டாங்க. தன் பையிலேர்ந்து ஒரு பாட்டிலை எடுத்து, வாசல்ல போயி நின்னுக்கிட்டுக் குடிச்சாங்க.

தங்குறதுக்கு தானா ராத்தாவுல ஹோட்டல். பகல்ல எங்க வீடு. சரசு ஒரு நாள் முறுக்கு சுட்டா, ஒரு நாள் வடை, ஒரு நாள் ஆட்டுக்கறி. ஒவ்வொண்ணுக்கும் அந்த உள்ளங்கை. வீட்டுக்கு வந்தவங்க பச்சைத் தண்ணி குடிக்காம உக்காந்திருந்தா வயிறு எப்படி எரியும்னு சரசு இப்பதான் தெரிஞ்சுக்கிட்டா. இந்த யோசனை சொன்னது யாருலான்னு என்னை மொறைச்சா. பக்கத்து வீட்டுக்காரங்க வேற, வெள்ளைக்காரம்மாவுக்கு நம்ம சாப்பாடு ஆகாதாமேன்னு வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க.

நான் லிண்டாவைக் காடியில ஏத்திக்கிட்டு எல்லாத்தையும் காட்டினேன். ஏரி, திரிங்காப் காய்கறித் தோட்டம், ஆஸ்பத்திரி, நான் லோரி ஓட்டின தேயிலை மலை. அழகா இருக்குன்னாங்க, மனசாரத்தான் சொன்னாங்க. எங்க போனாலும் ஒரே கேள்வி, ஜேமி இங்க என்ன வேலை பார்ப்பான்? காய்கறி லோரி ஓட்டலாம், ஹோட்டல்ல பார்க்கலாம், ஏதாவது கிடைக்கும்னு இழுத்தேன். எனக்கே அது பதிலாத் தெரியலை. ஜேமி என் கூட்டாளிங்களோட கொழுந்து லோரியில முன்னால உக்காந்துக்கிட்டுப் போனான். எறக்கத்துல அவன் கால் தரையை அழுத்திக்கிட்டே இருந்துச்சாம், அங்க பிரேக் இருக்கிற மாதிரி. டிரைவர் வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை.

கிளம்புறதுக்கு முந்தின நாள் எல்லாரும் எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்திருந்தோம். சரசு மனசு கேக்காம ஒரு டம்ளர் டீயைக் கொண்டாந்து லிண்டா முன்னால வச்சா. லிண்டா இந்தத் தடவை கையை வச்சு மூடலை. என்னைப் பார்த்துப் பேசினாங்க, கோகிலா தமிழ்ல சொன்னா.

"இந்தப் பொண்ணை எனக்குப் புடிச்சிருக்கு. உங்க ரெண்டு பேரையும் புடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம். ஆனா இவன் இங்க குடியேறுறதுக்குச் சம்மதம் இல்ல. ரயிலை நிறுத்துற மாசத்துலேயே இவன் வாடிப்போயிருவான். இங்க வந்தா உங்களுக்காகச் சிரிச்சுக்கிட்டு இருப்பான், மனசு இங்க இருக்காது. முடிவு என்னுதுன்னு நீங்க சொன்னீங்க. அதான் சொல்லிட்டேன்."

சொல்லிட்டு டம்ளரை எடுத்தாங்க. நிதானமா, பாதி வரைக்கும் குடிச்சாங்க. பாதியோட நிறுத்தி, டம்ளரை மேசை மேல நகர்த்தி என் முன்னால வச்சாங்க. என் சம்மதம் இவ்வளவுதான், மிச்சம் உங்களுதுன்னாங்க.

ஜேமி தரையைப் பார்த்துக்கிட்டிருந்தான். நான் கோகிலாவைப் பார்த்தேன். எங்களுக்காக இந்த மலைக்கே திரும்பி வர்றேன்னு சொன்ன பொண்ணு. இப்ப ஒரு வார்த்தை அவ எங்க பக்கம் பேசினா நானும் எந்திரிச்சுப் பேசியிருப்பேன். அவ என்னைப் பார்க்கலை. ஜேமியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தா, அவ தோள் ரெண்டும் மெதுவா எறங்கிச்சு, பெரிய சுமையை யாரோ வாங்கிக்கிட்ட மாதிரி.

சரசுவும் அதைப் பார்த்துட்டா. என்கிட்ட கண்ணாலேயே, எடுங்கன்னா.

எடுத்து மடக்குன்னு குடிச்சுட்டேன். சரசு அடுப்படிக்குள்ள போயி அழுதா. நானும் பின்னாலேயே போயி அழுதேன். அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வந்து எல்லாருக்கும் சோறு போட்டோம்.